காட்டுப்பாதை திறக்கக் காத்திருக்கும் அடியார்களுக்கு

உகந்தையில் காட்டுப்பாதை திறக்கும் நாளை எதிர்பார்த்திருக்கும் கதிர்காமப் பாத யாத்திரைக் குழுக்களுக்கும், அவர்களுக்கு வழிநெடுக அன்னதானமும் தண்ணீரும் கொடுக்கும் சபைகளுக்கும்,



இலங்கையில் யால, குமண போன்ற தேசிய பூங்காக்களுக்குள் போகிறவர் வாகனத்தை விட்டு இறங்கக்கூடாது. அதற்கென்று குறித்த சில இடங்களில் மட்டும் காலை நிலத்தில் வைக்கலாம். இரவு தங்குவதென்றால் முன்னரே பதிந்து, பணம் கட்டி, வனசீவராசிகள் திணைக்களம் காட்டுகிற இடத்தில்தான் கூடாரம் அடிக்க வேண்டும். உள்ளூர்க்காரருக்கும் இதுதான் சட்டம், வெளிநாட்டுக்காரருக்கும் இதுதான் சட்டம். வருடத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் மட்டும், கதிர்காமத் திருவிழாவை ஒட்டி உகந்தை வாசல் திறக்கும்போது, அந்தச் சட்டம் நமக்காக ஒதுங்கி நிற்கிறது. சிறுத்தையும் கரடியும் யானையும் திரிகிற காட்டுக்குள் நாம் நடந்து போகிறோம். ஆற்று மணலில் சாரத்தை விரித்துப் படுக்கிறோம். மூன்று கல்லை வைத்துக் கஞ்சி காய்ச்சுகிறோம். இந்த நாட்டில் வேறெவருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. பூங்கா என்று ஒன்று பிரகடனமாவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த வழியாக நடந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன பாத்தியதையில்தான் நாம் நடக்கிறோம்.

அந்தப் பாத்தியதை நிலைக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். சில காலமாக ஒரு பேச்சு காதில் விழுகிறது: காட்டுப்பாதையை மூடிவிடுங்கள், கதிர்காமத்துக்குத்தான் பஸ் இருக்கிறதே, காடு மிருகங்களுக்கு என்று இருக்கட்டும். இதைச் சொல்பவர்கள் எல்லோரும் நம் சமயத்துக்கு எதிரானவர்கள் அல்லர். அவர்களில் பலர் நாம் போன பிறகு அந்த வழியே போய், நாம் விட்டுவந்ததைக் கண்ணால் கண்டவர்கள். பாதையை மூடுவது தீர்வல்ல என்பது என் உறுதியான எண்ணம். செல்வச்சந்நிதியிலிருந்து வேல் எடுத்துப் புறப்பட்டு, கரையோரமாகவே முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில் என்று ஒன்றரை மாதம் வரை நடந்து வருகிறவருக்கு, உகந்தையோடு யாத்திரை முடிந்துவிடாது. இதுவரை நடந்தது இந்தக் காட்டுக்காகத்தான். வள்ளியைத் தேடி வேடர் காட்டுக்குப் போன முருகனைத் தேடிப் போகிறவர்களிடம் காட்டை எடுத்துவிட்டால் யாத்திரையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆனால் மூடாதே என்று நாம் கேட்பதற்கு ஒரு தகுதி வேண்டும். அந்தத் தகுதி ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறது.

முதலில், நாம் நடக்கிற நிலம் எது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். உகந்தை மலையிலிருந்து கும்புக்கன் ஆறு வரை குமண தேசிய பூங்கா. 1970இல் கிழக்கு யால என்ற பெயரில் பிரகடனமாகி, 2006இல் குமண என்று பெயர் மாறியது. பரப்பு 35,664 ஹெக்டேயர். அதற்குள் இருக்கிற சதுப்பு ஏரியான குமண வில்லு அதற்கும் முந்தி, 1938இலேயே பறவைகள் சரணாலயமானது. ஆற்றைக் கடந்தால் யால. போர்க்காலத்தில் 1985இல் மூடிய கிழக்கு யால 2003இல்தான் மறுபடி திறந்தது. அந்த ஆண்டுகளில் இந்த வழியே நடக்க முடியாமல் ஏங்கியவர்கள் இன்னும் நம் குழுக்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள், இந்தப் பாதை மூடிக்கிடந்தால் எப்படியிருக்கும் என்று.

உகந்தையில் தங்கும் இரவுகளில் அவசரப்படாதீர்கள். பெரும்பாலானவர்கள் பெயர்ப்பதிவுக்கும் சோற்று வரிசைக்கும் நின்றே அந்த நாட்களைக் கழித்துவிடுகிறார்கள். வள்ளியம்மன் மலைக்கு ஏறிப் பாருங்கள். பாறையில் இயற்கையாக அமைந்த சுனைகளில் வைகாசி, ஆனி வெயிலிலும் தண்ணீர் நிற்கும். மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கண்ணுக்கெட்டியவரை முட்பற்றைக் காடு, நடுவே வெள்ளைக் கோடாக மணல்மேடு. நாளைக்கு எங்கே நடக்கப்போகிறோம் என்பதை அங்கிருந்தே பார்த்துவிடலாம். சுனைத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் குளிக்காதீர்கள், துணி அலசாதீர்கள். அடுத்த மழை வரும்வரை குருவிக்கும் குரங்குக்கும் அந்தத் தண்ணீர்தான்.

அந்த மணல்மேட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இரவில் கடற்காற்று வாங்கப் படுப்பதற்கு மேட்டின் உச்சி நல்ல இடமாகத் தெரியும். கூடாரம் அடிக்கிறவர்களும் அங்கேதான் போகிறார்கள். மேட்டைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடி. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் வீட்டில் சொல்லாதவர் இல்லை. அந்த மிடுக்கை நேரில் பார்க்க வேண்டுமென்றால் குமணக் கரைக்கு வரவேண்டும். ஊதாப்பூவோடு ஒன்றன்மேல் ஒன்று ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு, காற்று அள்ளிக்கொண்டு போகிற மணலைப் பிடித்து வைக்கிறது. நூறு பேர் ஒரே இரவில் அதன்மேல் கூடாரக் கட்டை அறைந்து, மிதித்து, நெருப்பு மூட்டினால் கொடி அறுந்துவிடும். பிறகு காற்று அந்த இடத்தைக் குடைந்து வழியாக்கிவிடும். 2004 டிசம்பர் 26இல் யால கரையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கடல் நன்றாகத் தெரியவேண்டும் என்று மணல்மேட்டை வெட்டியிருந்த இடத்தில் இருந்த விடுதியைச் சுனாமி முற்றாக அழித்தது. மேடு அப்படியே இருந்த பக்கத்து இடங்களில் சேதம் மிகக் குறைவு என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். ஆகவே மேட்டின் காட்டுப் பக்கம், கொடி இல்லாத வெறும் மணலில், முன்பு படுத்தவர்களின் அடுப்புக்கல் கிடக்கிற இடத்திலேயே படுங்கள். புது இடம் பிடிக்க வேண்டாம்.

குமண வில்லு அருகில் வரும்போது குரலைத் தாழ்த்துங்கள். நாம் நடக்கிற அந்த மாதங்கள்தான் அங்கே பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற மாதங்கள். ஏறத்தாழ இருநூறு ஹெக்டேயர் சதுப்பில், கண்டல் மரங்களின் தலையெல்லாம் வெள்ளையாகத் தெரியும். சங்குவளை நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, அரிவாள் மூக்கன் எல்லாம் ஒரே மரத்தில் மாடி மாடியாகக் குடியிருக்கும். தாய்ப்பறவை பயந்து எழும்பிப் பறந்தால், திரும்பி வருவதற்குள் அந்த வெயில் குஞ்சைக் கொன்றுவிடும், இல்லாவிட்டால் பருந்து வந்துவிடும். நான் அங்கே நிற்கையில் பின்னால் வந்த இளைஞர் குழு ஒன்று ஒலிபெருக்கியில் பக்திப்பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. ஒரு நொடியில் மரங்கள் முழுக்க வெறுமையாயின. அந்த இளைஞர்கள் வானத்தில் எழும்பிய நாரைக் கூட்டத்தைப் பார்த்து, முருகன் காட்சி கொடுத்ததுபோல அரோகரா சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அது என்ன நேரம், அங்கே என்ன நடக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. குழுத் தலைவர்களே, நீங்கள் சொல்ல வேண்டும். வாயால் பாடுங்கள், கைத்தாளம் போடுங்கள், வில்லைத் தாண்டும்வரை அதையும் நிறுத்துங்கள். ஒலிபெருக்கியை உகந்தையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஆனால் அடர்ந்த பற்றைக்குள் இதற்கு நேர்மாறு. அங்கே பேசிக்கொண்டே போங்கள். காரணம் கரடி. பாலைமரங்கள் பழுக்கும் காலமும் நம் யாத்திரைக் காலமும் ஒன்றுதான். மஞ்சளாகப் பழுத்து உதிர்ந்து கிடக்கிற பாலைப்பழத்தை எடுத்து வாயில் போட்டால் தேன் போல இனிக்கும், உதட்டில் பால் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பழத்துக்காகக் கரடி மரத்தின் உச்சிக்கே ஏறும். கிளைகளை முறித்து மடியில் இழுத்துப்போட்டுக்கொண்டு, உலகத்தை மறந்து தின்னும். அதன் காது மந்தம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பழத்தில் மூழ்கியிருக்கிற கரடியின் அடியில் சத்தமில்லாமல் போய் நின்றால், அது திடுக்கிட்டு இறங்கும். திடுக்கிட்ட கரடி முகத்தில்தான் அறையும். சிறுத்தையை விட, பல சமயம் யானையை விட, காட்டோரத்து மக்கள் கரடிக்குத்தான் அஞ்சுவார்கள். பாலைமரத்தைக் கண்டதும் முதலில் மேலே பாருங்கள். அடியில் புதிதாக முறிந்த கிளையும் இலையும் கிடந்தால் சுற்றிப் போங்கள். தரையில் கிடப்பதில் ஓரிரு பழம் எடுத்து ருசி பாருங்கள், பை நிறைய அள்ளாதீர்கள். வறண்ட மாதத்தில் கரடிக்கும் குரங்குக்கும் மானுக்கும் அதுதான் பெரிய சாப்பாடு. வீரைப்பழத்துக்கும் இதே பேச்சுத்தான்.

வெயிலுக்கு முன் தூரத்தைக் கடந்துவிடலாம் என்று விடியச் சாமம் மூன்று மணிக்கே ரோர்ச் அடித்துக்கொண்டு புறப்படுகிற பழக்கம் பரவியிருக்கிறது. அதை விடுங்கள். யானை தண்ணீருக்குப் போய்வருகிற நேரம் அது. கிழக்கு வெளுத்த பிறகு புறப்பட்டு, பத்து மணிக்கு மர நிழலில் தங்கி, நிழல் நீளத் தொடங்கியதும் மறுபடி நடந்தால் போதும்.

கும்புக்கன் ஆற்றுக்கு வருவோம். இந்த யாத்திரையில் நான் எல்லாவற்றையும் விட அதிகம் விரும்புகிற இடம் அது. இரு கரையிலும் மருதமரங்கள். வேரெல்லாம் வெளியே தெரிய, வெண்மையான அடிமரம் ஆளுயரத்துக்கு மேலே பருத்து, கிளைகள் ஆற்றின்மேல் கவிந்து நிற்கும். வெளியே கொதிக்கிற நேரத்திலும் அடியில் குளிர்ச்சி. ஆனி மாதத்தில் ஆறு மெலிந்து, பல இடத்தில் மணல்தான் ஆறாக இருக்கும். ஓடுகிற தண்ணீரை நேரே குடிக்காமல், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி மணலைக் கையால் தோண்டுவது பழையவர்களின் வழக்கம். முழங்கை ஆழம் போனதும் மணல் கறுத்து, ஈரம் கசிந்து, பக்கங்கள் சரிந்து விழும். முதலில் ஊறுவது கலங்கல். அதைச் சிரட்டையால் அள்ளிக் கொட்டவேண்டும். இரண்டாவது முறையும் கொட்டவேண்டும். மூன்றாவது முறை மெல்ல மெல்லத் தெளிந்து வருகிற தண்ணீரில் மணலின் ஒவ்வொரு பருக்கையும் தெரியும். அதைத் துணியில் வடித்துக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். ஊற்றின் வாயில் செருப்போடு நிற்காதீர்கள், அதில் கை கால் கழுவாதீர்கள். அடுத்த குழு அதே ஊற்றில்தான் அள்ளப்போகிறது. இரவில் மான் வந்து அதே ஊற்றில் குனியும்.

ஆற்றில் குளிப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. முதலை இருக்கிற ஆறு இது. முழங்காலளவு தெளிந்த தண்ணீரில், பலர் சேர்ந்து, பகல் வெளிச்சத்தில் மட்டும் குளியுங்கள். கலங்கிய மடுவில் இறங்கவே இறங்காதீர்கள். சவர்க்காரமும் ஷாம்பூவும் வேண்டாம். பல்லாயிரம் பேர் இரண்டு வாரத்தில் மெலிந்த ஆற்றில் நுரை கரைத்தால் அது எங்கே போகும்? காட்டில் இருக்கும் சில நாட்களுக்கு வெறுந்தண்ணீர் போதும்.

மலசலம் பற்றி எழுதக் கூச்சப்படவில்லை, ஏனென்றால் இந்த யாத்திரை ஒருமுறை அதனாலேயே கட்டுப்பாட்டுக்குள் போனது. 19ஆம் நூற்றாண்டில் கதிர்காமக் கூட்டத்தோடு வாந்திபேதியும் பரவுகிறது என்று பயந்துதான் ஆங்கில அரசு யாத்திரைமேல் கை வைத்தது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வூல்ஃப், பிறகு எழுத்தாளராகப் புகழ்பெற்றவர், கதிர்காமத்துக்கே போய்த் தங்கி யாத்திரையை மேற்பார்வை செய்தார். அது அவருடைய உத்தியோகக் கடமைகளில் ஒன்று. ஒரு நோய் வந்தால் போதும், இன்றைக்கும் வாசல் மூடும். குழுவுக்கு ஒரு சிறு மண்வெட்டி கொண்டுவாருங்கள். ஆற்றிலிருந்தும் ஊற்றிலிருந்தும் நூறு எட்டு தள்ளிப் போய், குழி தோண்டி, மண்ணால் மூடுங்கள். பெண்களுக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கி, ஒரு படங்கைக் கட்டிக் கொடுங்கள். இருட்டும்வரை அடக்கிக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல் நடந்து, மயங்கி விழுகிற அம்மாமாரை நான் பார்த்திருக்கிறேன். படங்கு கட்டக் கால்மணி நேரம் கூட ஆகாது.

இனிப் பொலித்தீன். இந்த மடலில் மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஆற்றைக் கடந்து நாவலடிக்கு அப்பால், பாதையோரம் கிடந்த யானை லத்தி ஒன்றைப் பார்த்தேன். வெயிலில் காய்ந்து, வைக்கோல் உருண்டை போல விரிந்திருந்தது. நாருக்கும் பட்டைக்கும் நடுவே நீல நிறத்தில் ஒரு கீற்று. கம்பால் இழுத்தேன், இழுக்க இழுக்க வந்தது. கடைப்பை ஒன்றின் கைப்பிடியும் அதோடு ஒட்டிய பாதிப் பையும். அந்த யானைக்கு அது வெளியே வந்துவிட்டது. எல்லா யானைக்கும் வருவதில்லை. நாம் நுழைகிற வாசல் இருக்கிற அதே அம்பாறை மாவட்டத்தில், பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில், எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் பிளாஸ்டிக் தின்று இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. இறந்தவற்றை அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் இருந்தது உணவு சுற்றிய பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் தண்ணீரும்தான் என்று மிருக வைத்தியர்கள் சொன்னார்கள். பள்ளக்காட்டில் நகரத்துக் குப்பை. குமணக் காட்டில் கிடப்பது நம்முடையது. உப்பும் எண்ணெயும் இனிப்பும் ஒட்டிய உறையை யானை உணவென்றே எண்ணுகிறது. பிஸ்கட் உறை, சோற்றுப்பொதி சுற்றிய தாள், பால்மாப் பைக்கட், இலவசமாகக் கிடைத்த தண்ணீர்ப் போத்தல், எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

அன்னதான சபைகளே, இங்கே உங்களிடம் நேரே பேசுகிறேன். நீங்கள் கொடுப்பது புண்ணியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் தண்ணீர் இல்லாவிட்டால் இன்று வருகிற கூட்டத்துக்கு அந்த வறட்சியில் கதியில்லை. ஆனால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் போத்தலைத் திணிப்பதற்குப் பதிலாகப் பவுசரிலும் தாங்கியிலும் தண்ணீர் கொண்டுவந்து, அடியாரின் சொந்தப் போத்தலில் நிரப்பிக் கொடுங்கள். அதே பணத்துக்குப் பலமடங்கு தண்ணீர் கொடுக்கலாம். பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்கு 2017இலும், சின்ன ஷாம்பூ சாஷேக்களுக்கு 2021இலும் நாட்டில் தடை வந்துவிட்டது. காட்டுக்குள் அவை இன்னும் வருகின்றன. சோற்றைப் பொதியாகக் கட்டாதீர்கள். உகந்தையில் பந்தியில் இலை போட்டுப் பரிமாறுங்கள், காட்டுக்குள் அடியாரின் தட்டில் பரிமாறுங்கள். தட்டு இல்லாதவருக்கு ஒரு சில்வர் தட்டை வாங்கிக் கொடுங்கள், அது பத்து யாத்திரைக்கு உழைக்கும்.

அடியார்களே, நீங்கள் கொண்டுபோக வேண்டிய சாப்பாடு அதிகமில்லை. அவல், சர்க்கரை, பொரிமா, கச்சான், கொஞ்சம் அரிசி, பயறு, உப்பு, காய்ந்த மிளகாய், மல்லி, தேயிலை. எல்லாவற்றையும் வீட்டிலேயே துணிப்பைகளில் பிரித்துக் கட்டிவிடுங்கள். கடை உறை ஒன்றுகூட உகந்தையைத் தாண்டக்கூடாது. ஜீவனி உப்புக்கரைசல் பைக்கட்டும் மருந்து மாத்திரையும் விதிவிலக்கு. அவற்றின் உறையைச் சட்டைப்பையிலேயே போட்டுத் திருப்பிக் கொண்டுவாருங்கள். தறப்பாள் ஒன்று, கயிறு, சாரம் அல்லது போர்வை, ஐந்து லீற்றர் தண்ணீர் கொள்ளும் பாத்திரங்கள், ரோர்ச். இதற்குமேல் சுமந்தால் இரண்டாம் நாளே வழியில் எறியத் தோன்றும். எறியப்படுகிற பொருளில் பாதி ஆசையில் கொண்டுவந்த சுமைதான்.

இரவில் படுக்கும்போது சாப்பாட்டுப் பையைத் தலைமாட்டில் வைக்காதீர்கள். சாப்பாட்டின் வாசனை யானைக்குத் தூரத்திலேயே தெரியும். எல்லோருடைய பையையும் ஓரிடத்தில், படுக்கையிலிருந்து தள்ளி வையுங்கள். தண்ணீருக்கு இறங்குகிற யானைத் தடத்தில் படுக்காதீர்கள். ஆற்றங்கரைச் சரிவில் அகலமாக, வழவழவென்று மிதிபட்டு இறங்குகிற வழி இருந்தால் அது அவற்றின் பாதை. யானை வந்துவிட்டால் கல்லெறிய வேண்டாம், படம் பிடிக்கக் கிட்டப் போக வேண்டாம், வாழைப்பழம் நீட்டவே வேண்டாம். புத்தல–கதிர்காமம் வீதியில் யானைகள் வாகனங்களை மறித்து நிற்கின்றன. வழியில் போனவர்கள் பக்தியில் பழம் கொடுத்துப் பழக்கியதன் பலன் அது. கொடுத்தவர் போய்விட்டார், கொடுக்காமல் பின்னால் வந்தவர் அடிபடுகிறார், பிறகு யானைக்கும் ஆபத்து வருகிறது.

நெருப்பு பற்றிச் சுருக்கமாக: காய்ந்து விழுந்த சுள்ளி மட்டும், மணலில் மட்டும், சமையலுக்கு மட்டும். புறப்படும்போது தண்ணீர் ஊற்றி, மணல் போட்டு மூடி, கையை வைத்துச் சூடு பாருங்கள். அந்த மாதத்துக் கச்சான் காற்றில் ஒரு தணல் போதும், புல்வெளி முழுக்கப் போய்விடும். அடுப்பில் பிளாஸ்டிக் எரிக்காதீர்கள்.

இன்னொரு மனக்குறை. இரண்டே நாளில் காட்டைக் கடந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்கிற இளைஞர் குழுக்கள் கூடிவருகின்றன. ஓடிக் கடக்கிறவருக்குக் குமண வில்லும் தெரியாது, பாலைமரமும் தெரியாது. குதிகால் கொப்புளம் மட்டும்தான் தெரியும். நான்கு ஐந்து நாளை இதற்கென்று ஒதுக்கி வாருங்கள். வழியில் தங்குமிடமான வியாழையில் ஒரு பின்னேரம் முழுக்கச் சும்மா இருந்து பாருங்கள். மயில் அகவுகிற திசையில் புள்ளிமான்கள் காதை நிமிர்த்துவதும், குரங்கு ஒருமாதிரிக் கத்தியதும் மான்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி உறைந்து நிற்பதும், எங்கோ சிறுத்தை நடக்கிறது என்பதைக் காடே ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வதும் அங்கே கண்ணுக்கும் காதுக்கும் தெரியும். முதன்முதலாக அதைக் கேட்ட பிள்ளை அன்றிரவு தாயை ஒட்டிக்கொண்டுதான் படுக்கும், ஆனால் மறுநாள் காலை அதைப் பற்றியே பேசிக்கொண்டு நடக்கும். சிங்களக் குடும்பங்களும் இப்போது நம்மோடு நடக்கின்றன. அடுப்படியில் அவர்களுக்கும் ஒரு இடம் விடுங்கள். காட்டை அறிந்த கிழவர்கள் அவர்களிடையேயும் இருக்கிறார்கள், கேட்டால் தடம் பார்த்துச் சொல்லித் தருவார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் இரண்டு பேரைக் கடைசியில் நடக்க விடுங்கள். தோளில் ஒரு சாக்கோடு, தம் குழு தங்கிய இடத்தைச் சுற்றிப் பார்த்து, விழுந்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டு அவர்கள் வரட்டும். ஒரே ஆள் எல்லா நாளும் சுமக்காமல் தினம் இருவராக முறை வைத்துக்கொள்ளுங்கள். கட்டகாமத்தில் காட்டை விட்டு வெளியேறும்போது சாக்கை அங்கே கொட்டாமல், கதிர்காமம் வரை கொண்டுபோய் பிரதேச சபை வண்டியில் போடுங்கள். தமக்கு முன் போனவர் விட்டதையும் சேர்த்துப் பொறுக்குகிற குழுவுக்கு நான் தலை வணங்குவேன்.

சாக்குகளை நான் கொண்டுவருகிறேன். பாதை திறக்கும் நாளுக்கு முதல் நாள் மாலை, உகந்தையில் பூசை முடிந்த கையோடு, கோயில் வாசலுக்கு வடக்கே மரநிழலில் இருப்பேன். வேல் ஏந்தி நடத்திவரும் வேல்சாமிமார் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். ஆகவே குழுத் தலைவர்கள் முதலில் வாருங்கள், யார் எந்த நாளில் கடைசியில் நடப்பது என்று அங்கேயே பேசி முடித்துவிடலாம்.

அன்புடன்,
உங்களோடு நடக்கும் அடியான் ஒருவன்